விரிப்பு வலைச் சிலந்தி: மேலே ஓடுகிறதா, கீழே தொங்குகிறதா?

செய்முறைப் பரீட்சையின் ஏழாவது மேசையில் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. உள்ளே மதுசாரத்தில் கிடந்தது ஒரு கபில நிறச் சிலந்தி. பக்கத்தில் ஒரு புகைப்படம்: புல்தரையில் பனி படிந்து வெள்ளையாக விரிந்திருந்த வலை. "குடும்பத்தை இனங்காண்க. இரண்டு காரணங்கள் தருக." ஒரு மேசைக்கு மூன்று நிமிடம்தான். நான் குப்பியைத் தொடவே இல்லை. புகைப்படத்தைப் பார்த்தேன், விரிப்பு வலை என்றால் லினிபியிடே குடும்பம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அப்படியே எழுதினேன். காரணங்கள் இரண்டும் வலையைப் பற்றியவையே. மணி அடித்தது, அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

குப்பியில் இருந்தது ஹிப்பாசா. ஓநாய்ச் சிலந்திகளின் குடும்பமான லைகோசிடேயைச் சேர்ந்தது. விரிப்பு வலைச் சிலந்திகளின் பாகுபாட்டையும் புவியியற் பரம்பலையும் கேட்ட எழுத்துத்தாள் வினாவிலும் இதே பிழையின் மேல்தான் முழு விடையையும் கட்டியிருந்தேன். அம்முறை அந்தப் பாடத்தில் நான் சித்தியடையவில்லை. வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் வயலும் வரம்புமாக வளர்ந்தவள் நான். அந்த வலைகளைத் தாண்டித்தான் பத்து வருடங்கள் பள்ளிக்கூடம் போனேன். மற்ற எதையும் விட அதுதான் எனக்கு வலித்தது.

மீளத் தோற்றுவதற்கு முந்திய பெரும்போகத்தில், மார்கழி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். முத்தையன்கட்டுக் குளத்து நீர் பாயும் எங்கள் வயல் வரம்பில், காலை ஆறரை மணிக்குப் போய்க் குந்தினேன். படங்கு விரித்ததுபோல வரம்பு நெடுக வலைகள். உள்ளங்கை அளவானவையும் உண்டு, சாப்பாட்டுத் தட்டு அளவானவையும் உண்டு. ஒரு காய்ந்த புல் நுனியால் ஒரு வலையின் ஓரத்தை மெல்லத் தட்டினேன். மூலையில் குழாய்போலக் குவிந்து நிலத்துக்குள் இறங்கிய வாசலில் இருந்து சிலந்தி பாய்ந்து வந்தது. விரிப்பின் மேற்புறத்தால் ஓடியது. புல் நுனிக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. இரை இல்லை என்று தெரிந்ததும் வந்த வேகத்திலேயே குழாய்க்குள் போய்விட்டது.

"பிள்ளை, வெயில் ஏறுமுன் வரம்பில் என்ன தேடுகிறாய்?" என்று அப்பா கேட்டார். போன பரீட்சையில் நான் எழுதியிருக்கவேண்டிய விடையைத் தேடுகிறேன் என்று சொன்னேன். அவரும் பக்கத்தில் குந்தி இன்னொரு வலையைத் தட்டிப் பார்த்தார். அதுவும் மேலால்தான் ஓடியது. லினிபியிடே என்றால் விரிப்பின் கீழே தொங்கியிருக்கும்.

பிறகு ஒன்றைச் சின்னப் போத்தலில் பிடித்துக் கைவில்லையால் முகத்தைப் பார்த்தேன். முன்வரிசையில் நான்கு சிறு கண்கள். அவற்றுக்கு மேலே இரண்டு பெரிய கண்கள். அதற்கும் பின்னால் இன்னும் இரண்டு. நான்கு, இரண்டு, இரண்டு என்ற இந்த ஒழுங்கு ஓநாய்ச் சிலந்தியின் அடையாள அட்டை. இன்னொரு வலையில் இருந்த பெண், முட்டைப் பையை நூல் சுரக்கும் முனையில் ஒட்டி வைத்திருந்தது. அதுவும் இந்தக் குடும்பத்தின் வழக்கம். பரீட்சை மேசையில் குப்பியைக் கையில் எடுத்து ஒருமுறை திருப்பியிருந்தால் போதும், இரண்டு காரணங்களும் கிடைத்திருக்கும்.

ஆகவே இந்தப் பாடத்தைத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது: விரிப்பு வலை என்பது வலையின் வடிவம், குடும்பத்தின் பெயர் அல்ல. ஒன்றுக்கொன்று நெருங்காத பல குடும்பங்கள் கிடையாக விரிந்த வலையைப் பின்னுகின்றன. ஐரோப்பியப் பாடநூல்களில் குழாயோடு கூடிய விரிப்பு வலைக்குப் போடப்படும் படம் பெரும்பாலும் அகெலெனிடே குடும்பத்தினுடையது. அந்தச் சிலந்தியும் மேலால்தான் ஓடும், ஆனால் ஓநாய்ச் சிலந்தி அல்ல. வடலியிலும் வேலிப் பற்றைகளிலும் கூடாரம்போல உயர்ந்து நிற்கும் நெருக்கமான கண்ணி வலை சிர்டோபோராவினுடையது. அது வட்ட வலை பின்னும் அரேனிடே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அதன் விரிப்பில் பசை இல்லை. வீட்டு மூலையில் நீண்ட மெல்லிய கால்களுடன் தொங்கி, தொட்டால் உடலைக் குலுக்குவது போல்சிடே. இவற்றைப் பிரிக்கத் தெரியாமல் பாகுபாட்டை எழுதினால் அது பெயர்ப் பட்டியலாகத்தான் முடியும்.

லினிபியிடேயை நேரில் காண வரம்பை விட்டு வயலுக்குள் இறங்கவேண்டியிருந்தது. நெற்தண்டுகளின் அடியை இரு கைகளாலும் விலக்கி, நீர் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே பார்த்தேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் முகத்துக்குப் பூசும் பவுடரைத் துணியில் தொட்டு மெல்ல ஊதினேன். இரண்டு தண்டுகளுக்கு இடையில், பெருவிரல் நகத்தை விடச் சற்றே பெரிதான ஒரு விரிப்பு வெள்ளையாக எழுந்தது. அதன் கீழ்ப்புறத்தில், வயிறு மேலே பார்க்க, எள்ளளவான ஒரு சிலந்தி தலைகீழாகத் தொங்கியது. குழாய் இல்லை, ஒளிய இடமும் இல்லை. நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான கபில நிறத் தத்தியின் குஞ்சு ஒன்று தண்டில் இருந்து தவறி விரிப்பில் விழுந்தது. சிலந்தி கீழே இருந்தபடியே வலையின் ஊடாகக் கடித்து அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசியாவின் நெல் வயல்களில் இப்படி வாழும் குள்ளச் சிலந்திகளில் பெயர் பெற்ற சாதி (நெருங்கிய இனங்களின் தொகுதி) அட்டிபெனா. பழைய விவசாய நூல்களில் அதில் ஓர் இனம் கலிட்ரிக்கியா என்ற சாதிப் பெயரோடு இருக்கும். பெயர் மாறினால் சிலந்தி மாறிவிட்டது என்று நினைத்து இரண்டு இனங்களாக எழுதாதீர்கள். தத்தியின் குஞ்சுகளை உண்பதால் விவசாயிக்கு இது மிக வேண்டிய பிராணி. பூச்சிமருந்து அடித்த பக்கத்து வயலில் அதே பவுடரை ஊதிப் பார்த்தேன். அரை மணி நேரம் தேடியும் ஒரு விரிப்பு எழவில்லை.

இனி பாகுபாடு. கணம் ஆத்திரபோடா, வகுப்பு அரக்னிடா, வருணம் அரேனியே. இதுவரை எல்லோரும் எழுதுவார்கள். லினிபியிடே குடும்பத்தை 1859இல் நிறுவியவர் ஜோன் பிளாக்வோல். குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த லினிபியா சாதியை 1804இல் லத்ரேய் வைத்தார். ஆனால் அச்சாதியின் புகழ்பெற்ற இனமான லினிபியா டிரையாங்குலாரிஸ் 1757இலேயே கிளார்க்கின் நூலில் பெயர் பெற்றுவிட்டது. விலங்குப் பெயரீடு 1758இல் தொடங்குகிறது என்று படித்திருப்பீர்கள். சிலந்திகளுக்கு மட்டும் அந்த ஒரு வருட விலக்கு உண்டு. இதை விடையில் ஒரு வரியாக எழுதினால், படித்து எழுதியிருக்கிறாள் என்று திருத்துபவருக்குப் புரியும்.

பெயர் பெற்ற சிலந்தி இனங்களின் தொகை 2022இல் 50,000ஐத் தொட்டது. அதில் பாயும் சிலந்திகளான சால்டிசிடேக்கு அடுத்த பெரிய குடும்பம் லினிபியிடே: 4,700க்கும் அதிகமான இனங்கள், 600க்கும் அதிகமான சாதிகள். இத்தனை பெரிய குடும்பத்தை உபகுடும்பங்களாகப் பிரிப்பதில் ஆய்வாளர்களிடையே முழு இணக்கம் இல்லை. விடையில் அதை மறைக்காமல் சொல்லுங்கள். நான் மறுமுறை எழுதியபோது ஐந்தை மட்டும் எடுத்தேன்: லினிபியினே, மைக்ரோனெட்டினே, எரிகோனினே, மினோக்ளெனினே, ஸ்டெமோனிபான்டினே. கடைசியாகச் சொன்னது மிகச் சிறியது. ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே பிரிந்த கிளை என்பதால் விடக்கூடாது. எரிகோனினே இதற்கு நேர்மாறு. பெரும்பாலும் மூன்று மில்லிமீற்றரைத் தாண்டாத குள்ளச் சிலந்திகளின் பெருங்கூட்டம் அது. அவற்றின் ஆண்களில் பலவற்றுக்குத் தலை மேடாகவோ கொம்பாகவோ உயர்ந்திருக்கும். ஐரோப்பாவில் வாழும் வால்கெனேரியா அக்குமினாட்டா இனத்தின் ஆணுக்குக் கண்களே ஒரு மெல்லிய தூணில் ஏறி நிற்கின்றன. படம் வரையத் தெரிந்தவர்கள் அதை வரையுங்கள். ஒரு பக்கம் எழுதியதற்குச் சமம்.

எரிகோனினே நெடுங்காலம் எரிகோனிடே என்ற தனிக் குடும்பமாகவே எண்ணப்பட்டது. 1985இல் நெதர்லாந்து ஆய்வாளர் வான் ஹெல்ஸ்டிங்கன் இலங்கையின் லினிபியிடே பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே எரிகோனிடே வேறாக நிற்கிறது. குஸ்தாவோ ஹோர்மிகா 1994இல் உடலமைப்பை ஒப்பிட்டு உறவு மரம் வரைந்தது இந்த வரலாற்றில் ஒரு முக்கியமான படி. அவர் முன்வைத்த இன்னொரு முடிவு பரம்பல் வினாவுக்கும் உதவும்: லினிபியிடேக்கு மிக நெருங்கிய உடன்பிறப்புக் குடும்பம் பிமோயிடே.

குடும்பத்தை உறுதிப்படுத்தும் உடல் அடையாளங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கால் முறியும் இடம். பிடிபட்டால் இச்சிலந்தி காலை விட்டுவிட்டு ஓடும். அப்போது கால் முழங்காலுக்கும் அதற்கு அடுத்த துண்டுக்கும் இடையிலுள்ள மூட்டில் கழலும். பல குடும்பங்களில் அது உடலோடு சேரும் பக்கத்திலேயே கழன்றுவிடும். குப்பியில் உள்ள மாதிரிக்குக் கால் குறைந்திருந்தால் அதைக் குறையாக நினைக்காதீர்கள், விடை அங்கே இருக்கலாம். இரண்டு வரிசையில் எட்டுக் கண்கள், கால்களில் மெல்லிய முட்கள், கடிக்கும் உறுப்பான செலிசராவின் வெளிப்புறத்தில் அரத்தைப்போன்ற நுண்கோடுகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனத்தைச் சொல்ல வயது வந்த மாதிரி வேண்டும்: ஆணுக்கு வாயருகே உள்ள பெடிபால்ப்பின் நுனியையும், பெண்ணுக்கு வயிற்றின் கீழுள்ள இனப்பெருக்கத் துவாரத் தட்டையும் நுணுக்குக்காட்டியில் பார்க்காமல் இனப்பெயர் எழுதவேண்டாம்.

புவியியற் பரம்பலைக் கண்டங்களின் பட்டியலாக எழுதினால் பாதிப் புள்ளிதான் கிடைக்கும். ஏன் என்ற கேள்வியை முன்னால் வையுங்கள். பெரும்பாலான உயிர்க்கூட்டங்கள் வெப்ப வலயத்தில் பெருகும். லினிபியிடே குளிர்ந்த வடக்கில் பெருகுகிறது. பிரித்தானியாவின் ஏறத்தாழ 650 சிலந்தி இனங்களில் ஐந்தில் இரண்டு பங்கு இக்குடும்பம். எரிகோனினேயைச் சேர்ந்த எரிகோனி சைக்ரோபிலா ஆர்க்டிக் துந்திராவில் வாழ்கிறது. பனிக்குக் கீழே இலைச்சருகுக்குள் குளிர்காலத்திலும் நடமாடும் இனங்கள் உண்டு. சிறிய உடல், ஈரமான சருகு, குளிர் தாங்கும் வலிமை ஆகிய மூன்றையும் இணைத்து எழுதுங்கள். வெப்ப வலயத்தில் இவை தாழ்நிலத்தை விட மலைகளிலேயே செழிக்கின்றன. வன்னி போன்ற உலர்ந்த சமவெளியில் ஏன் நெல்லடியின் ஈரத்தில் போய்த் தேடவேண்டியிருந்தது என்பது இந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது பறத்தல். சிறு சிலந்தி ஒரு புல் நுனியில் ஏறி, கால் நுனிகளில் எழுந்து, வயிற்றை உயர்த்தி நூலை விடும். நூல் அதைத் தூக்கிச் செல்லும். 1832இல் டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பல், தென்னமெரிக்கக் கரையில் இருந்து 60 மைல் கடலில் நின்றபோது, கயிறுகளில் ஆயிரக்கணக்கான சிறு சிலந்திகள் வந்து இறங்கியதை அவர் குறித்திருக்கிறார். காற்றே இல்லாத பெட்டிக்குள், மின்புலம் ஒன்றே எரிகோனியைப் பறக்கத் தூண்டும் என்று பிறிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மோர்லி, ரொபேட் இருவரும் 2018இல் காட்டினர். லினிபியிடேயின் ஒஸ்டேரியஸ் மெலனோபைகியஸ் என்ற ஒரே இனம் இன்று உலகின் பல கண்டங்களில் காணப்படுகிறது. 1883இல் இந்தோனேசியாவின் எரிமலைத் தீவான கிரக்கட்டோவா வெடித்து ஒன்பது மாதங்களின் பின் அத்தீவில் கண்ட ஒரே உயிர் வலை பின்னும் ஒரு நுண்ணிய சிலந்தி என்ற செய்தியையும் எழுதலாம். அதன் குடும்பம் குறிக்கப்படவில்லை. அதை லினிபியிடே ஆக்கிவிடாதீர்கள்.

பறப்பவை இப்படிப் பரவ, சில கிளைகள் துண்டு துண்டாக நிற்கின்றன. கண்களுக்குக் கீழே பள்ளங்கள் கொண்ட மினோக்ளெனினே முக்கியமாக ஆபிரிக்க மலைகளிலும் நியூசிலாந்திலும் இருக்கிறது. பிமோயிடேயின் பிமோவா சாதி மேற்கு வட அமெரிக்கா, தென் ஐரோப்பிய மலைகள், இமயம் என்று தூரத் தூரமாகக் கிடக்கிறது. ஒருகாலத்தில் பரந்திருந்த கூட்டத்தின் எச்சம் என்றே அதைக் கருதுகிறார்கள். உலகப் படம் ஒன்றை வெறுங்கையால் வரைந்து, பரந்தவற்றை ஒரு நிறத்திலும் துண்டுபட்டவற்றை இன்னொரு நிறத்திலும் தீட்டுங்கள். நான் வீட்டில் இருபது தடவை வரைந்து பழகினேன். பரீட்சை மண்டபத்தில் நான்கு நிமிடத்தில் முடிந்தது.

வயலுக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நீண்ட சப்பாத்து இல்லாமல் வரம்பில் இறங்காதீர்கள், புடையன் பாம்பு அதிகாலையில் அங்கேதான் சுருண்டு கிடக்கும். காட்டோரத்தில் யானை விலகும்வரை காத்திருங்கள். கண்ணிவெடிப் பலகை நின்ற பக்கம், பலகை விழுந்துபோய் இருந்தாலும், ஊரவரிடம் கேட்காமல் ஓர் அடியும் வைக்காதீர்கள். மாதிரியை 70 சதவீத மதுசாரத்தில் போட்டு, இடம், திகதி, வலையின் மேலே நின்றதா கீழே நின்றதா என்பதைப் பென்சிலால் எழுதி உள்ளேயே இடுங்கள். பேனா மை கரைந்துவிடும். மார்கழி, தையில் ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் போய்விடுங்கள். ஒன்பது மணிக்குப் பனி காய்ந்துவிடும். வலைகள் அங்கேயே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.