குரல் போனது: தொண்டையைப் பார்க்கும்வரை பட்ட அலைச்சல்

குரல் போனவளிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன செய்கிறது, சொல்லுங்கள்" என்பதுதான். ஓ.பி.டி.யில் கேட்டார்கள், நம்பர் எழுதுகிற இடத்தில் கேட்டார்கள், மருந்து கொடுக்கிற ஜன்னலிலும் கேட்டார்கள். சொல்ல முடிந்தால் நான் ஏன் அங்கே வந்து நிற்கிறேன்?

மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் ஒரு ஊரில் உப தபாலகம் நடத்துகிறேன். மாசி மாதம், காலபோக வெட்டு மும்முரமாக நடந்த நேரம். ஒரு காலை எழும்பினால் குரல் கரகரக்கிறது. இரண்டொரு நாளில் அதுவும் போய் வெறும் காற்றுத்தான் வந்தது. காய்ச்சல் இல்லை, தடிமன் இல்லை, நோவும் இல்லை. வெட்டு மெஷின் தூசு என்றார்கள். வேர்க்கொம்பு, மிளகு, கற்பூரவள்ளிச் சாறு, தேன் எல்லாம் நடந்தது. அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். ஓ.பி.டி.யில் அன்ரிபயற்றிக் தந்து, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்கள். ஒன்றும் அசையவில்லை.

கந்தோரில் பட்டது தனிக் கதை. பதிவுத் தபால் போட வந்த பெரியவர் ஒருவருக்குக் காது மந்தம், எனக்குக் குரல் இல்லை. கட்டணத்தைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடி கொண்டு வரவில்லை. கடைசியில் நோட்டுகளை மேசையில் விரித்து வைத்து, எனக்கு வேண்டியதை நானே பொறுக்கி எடுத்துக்கொண்டேன். இன்னொன்றையும் கவனித்தேன். நான் எழுதிக் காட்டினால் பலர் பதிலையும் எழுதித்தான் தருகிறார்கள். சிலர் செவிடியோடு பேசுவதுபோலக் கத்துகிறார்கள். என் காதுக்கு ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லவும் குரல் வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் கண்டார். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது என் கழுத்தின் இடப்பக்கம் ஏதோ ஏறி இறங்குகிறது என்றார். கண்ணாடி முன் நின்று ஒரு மிடறு விழுங்கிப் பார்த்தேன். உண்மைதான், சிறு நெல்லிக்காய் அளவில் ஒரு புடைப்பு. அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் தீர்ப்புச் சொல்லிவிட்டது: தைரொயிட். எங்கள் பக்கம் வீதிக்கு நாலு பெண்களாவது தைரொயிட் குளிசை போடுகிறார்கள், எனவே ஆளுக்கொரு வைத்தியம் இருந்தது. ஒருவர் உப்பை மாற்றச் சொன்னார். கடையில் விற்கும் சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்க்க வேண்டும் என்று இலங்கையில் 1995ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. இதற்குமேல் எந்த உப்புக்கு மாற?

ஊரைக் குறை சொல்லவும் மாட்டேன். தைரொயிட் சுரப்புக் குறைந்தால் குரல்நாண் தடித்துக் குரல் கரகரப்பது உண்மை. என் ஆத்திரம் வேறு. கழுத்தில் புடைப்பு என்ற சொல் கிளினிக் கொப்பியில் விழுந்த பிறகு என் குரலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கொப்பியில் 'தைரொயிட்' என்று எழுதியிருந்தது, வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் வாசித்தார்கள். தொண்டைக்குள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

இரத்தப் பரிசோதனையைத் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் செய்தேன். தைரொயிட்டை வேலை செய்யத் தூண்டும் ஹோர்மோனான ரி.எஸ்.எச். 0.1 என்று வந்தது. 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டும் என்று தாளிலேயே அச்சடித்திருந்தது. எண் குறைந்தால் தைரொயிட் கூடுதலாக வேலை செய்கிறது என்று அர்த்தமாம். பார்த்த டொக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார். நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், உடல் மெலிவு ஒன்றுமே எனக்கு இல்லை. எழுதிக் காட்டினேன். "போகப் போக வரும்" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரி எது என்று எழுதப் போவதில்லை. ஏ9 வீதியில் விடியப்புறம் பஸ் ஏறி, கொப்பியை அடுக்கில் வைத்து, வாங்கில் இருந்தேன். பெயர் கூப்பிட்டார்கள். எழுந்து கையைத் தூக்கினேன். எழுதுகிறவர் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டார். நான் கூட்டத்துக்குள்ளே நெருக்கிக்கொண்டு மேசையை அடைவதற்குள் என் கொப்பி அடுக்கின் அடிக்குப் போய்விட்டது. "கூப்பிட்டபோது எங்கே போனீர்கள்?" என்கிறார். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். "தண்ணீர் வெளியே இருக்கிறது" என்றார். நானும் கவுண்டருக்குப் பின்னால் இருந்து வேலை செய்கிறவள்தான். வரிசை நீளும்போது எரிச்சல் வரும், தெரியும். ஆனால் முகத்தைப் பார்க்காமல் ஒரு முத்திரைகூட நான் விற்றதில்லை.

அன்று என்னைப் பார்க்கும் முன்பே கிளினிக் முடிந்துவிட்டது.

அடுத்த தடவை தம்பியின் மனைவி கூட வந்தாள். மச்சாளுக்கு வாய் ஓயாது, அன்று அது பெரும் உதவி. அதோடு ஒரு மட்டையில் தடித்த எழுத்தில் எழுதிக் கொண்டுபோனேன்: 'எனக்குக் குரல் வராது. காது கேட்கும்.' கீழே என் பெயரும் நம்பரும். அதை நேரே பதிவேட்டின் மேல் வைத்தேன். எழுதுகிறவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். குரல் போன யாராவது இதைப் படித்தால் இன்றைக்கே இப்படி ஒரு மட்டை செய்துகொள்ளுங்கள். இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். தனியாராக டொக்டரைப் பார்க்க நம்பர் போடுகிற சனலிங் நிலையத்துக்கு நீங்களே தொலைபேசி எடுக்கவும் வேண்டாம். என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "விளையாடுகிறீர்களா?" என்று திட்டி வைத்துவிட்டார்கள்.

அங்கிருந்த பொது வைத்திய நிபுணருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அறிக்கையைப் பார்த்தார், என் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், நாடி பிடித்தார். பிறகு, "விற்றமின் ஏதாவது பாவிக்கிறீர்களா? வெளிநாட்டிலிருந்து வந்தது?" என்று கேட்டார். மச்சாள் முந்திக்கொண்டு, "ஓம் டொக்டர், கனடாவிலிருந்து அக்கா அனுப்புகிற தலைமயிர்க் குளிசை" என்றாள். போத்தல் என் பையில்தான் இருந்தது. பயோட்டின், 10,000 மைக்ரோகிராம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 போதும் என்றார். பல ஆய்வுகூட முறைகளில் பயோட்டினையே ஒட்டுப் பொருளாகப் பயன்படுத்துகிறார்கள். இரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் ரி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், தைரொயிட் சுரக்கிற ரி4 பொய்யாகக் கூடியும் காட்டலாமாம். இரண்டு நாளாவது நிறுத்திவிட்டுத்தான் இரத்தம் கொடுக்க வேண்டும், நீங்கள் ஒரு கிழமை நிறுத்திவிட்டுக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். ரி.எஸ்.எச். 2.1. தைரொயிட் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. இல்லாத வருத்தத்துக்குக் குளிசை தொடங்க இருந்தார்கள். வெளிநாட்டுப் பார்சல் வராத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு, ஆகவே இரத்தம் கொடுக்கும் முன் அந்தப் போத்தல்களை எல்லாம் எடுத்துக் காட்டுங்கள். ஆய்வுகூடத்தில் இதை யாரும் கேட்கவில்லை.

ரி.எஸ்.எச். சரியென்றால் கட்டியும் சரி என்றாகாது, சுரப்பு ஒன்று, கட்டி வேறு என்று அவரே சொல்லிக் கழுத்துக்கு ஸ்கான் எழுதினார். ஸ்கான் நாளில் அறை வாசலில் நின்றவர் துண்டைத் திருப்பிப் பார்த்து, "டொக்டரின் சீல் இல்லை" என்றார். கையெழுத்து இருந்தது, திகதி இருந்தது, வார்ட் நம்பரும் இருந்தது. சீல் இல்லை. டொக்டர் அன்று விடுமுறை. நாள் முழுவதும் முத்திரை குத்தியே பிழைக்கிற என்னை ஒரு முத்திரைக்காகத் திருப்பி அனுப்பினார்கள். மாங்குளம் போய்ச் சேரும்வரை மச்சாள் எனக்கும் சேர்த்துத் திட்டினாள். துண்டு கையில் கிடைத்ததும் அங்கேயே நின்று பாருங்கள்: கையெழுத்து, சீல், திகதி, எந்தப் பக்கம் என்ற விபரம். கதவைத் தாண்டிவிட்டால் அடுத்த கிளினிக்தான்.

ஸ்கானில் இடப்பக்கம் 1.8 சென்ரிமீற்றரில் ஒரு முடிச்சு. ஊசியால் கலம் எடுத்தார்கள். அது நோகும் என்று பயமுறுத்தியவர்கள் பலர், எறும்புக் கடிக்குமேல் ஒன்றும் இல்லை. ஆபத்தில்லாத கட்டி என்று முடிவு வந்தது. அன்று வீட்டில் பாயாசம். எல்லோரும் மகிழ்ந்தார்கள், நான் மட்டும் தாளில் எழுதினேன்: 'அப்ப குரல்?'

காது, மூக்கு, தொண்டை பார்க்கிற ஈ.என்.ரி. கிளினிக்குக்குத் துண்டு கிடைத்தது அதற்குப் பிறகுதான். அதுவும் மச்சாள் கேட்டு வாங்கியது. அங்கே இருந்தது ஓர் இளம் பெண் டொக்டர். உட்கார்ந்ததும் அவர் கேட்டது: "தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா?" குரல் போன நாளிலிருந்து பிளேன்ரீ குடித்தாலே எனக்கு இருமல் வரும். கறி சோற்றுக்கு வராது, தண்ணிப் பதமாக உள்ளதற்குத்தான். அவசரமாகக் குடிக்கிறேன் என்று அம்மா ஏசுவார். தலையை ஆட்டினேன். உடனே மூக்குக்குள் மரக்கச் செய்கிற மருந்தை அடித்து, மெல்லிய குழாய்க் கமராவை விட்டார். கண்ணில் நீர் வந்தது, வேறு ஒன்றும் இல்லை. "ஈ... என்று சொல்லுங்கள்" என்றார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வலப்பக்கக் குரல்நாண் நடுவுக்கு வந்து வந்து போகிறது. இடப்பக்கத்தது பாதி திறந்த கதவுபோல நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த இடைவெளியால்தான் என் குரலெல்லாம் காற்றாகப் போயிருக்கிறது, தேநீரும் தவறி இறங்கியிருக்கிறது.

எனக்கு அழுகை வந்தது. கவலையால் இல்லை. இத்தனை மாதமாக எல்லோரும் கழுத்தைத் தடவிக்கொண்டிருக்க, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கச் சில நிமிடம்தான் ஆனது.

குரல்நாணை அசைக்கும் நரம்பு தைரொயிட்டுக்குப் பின்னால்தான் ஏறுகிறது, ஆகவே தைரொயிட்டைப் பார்த்தது வீண் இல்லை என்றார். ஆனால் இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, பெருநாடி வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே வருகிறதாம். அதனால் நெஞ்சையும் பார்த்தே தீர வேண்டும். என் கட்டியின் அளவில், அதுவும் ஆபத்தில்லாதது, நரம்பை நெரிப்பது அபூர்வம் என்றார். சி.ரி. ஸ்கானுக்கு முன் சிறுநீரகப் பரிசோதனை கேட்டார்கள், கொடுத்தேன், ஸ்கானும் நடந்தது. நெஞ்சிலும் ஒன்றும் இல்லை. சிலருக்குக் காரணம் கிடைப்பதே இல்லையாம். கிருமி ஏதும் நரம்பைத் தாக்கியிருக்கலாம் என்று நினைக்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் தானாகத் திரும்புவதும் உண்டு. திரும்பாவிட்டால், நின்றுபோன குரல்நாணை ஊசி மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ நடுவுக்குத் தள்ளி வைக்கலாம்.

பேச்சுச் சிகிச்சையாளர் முதல் நாளே நிறுத்தச் சொன்னது குசுகுசுத்தலை. குரலுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்து எல்லோரும் செய்வது அதுதான், அழுத்திக் குசுகுசுத்தால் தொண்டைத் தசைகள் இன்னும் இறுகும் என்றார். குடிக்கும்போது முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, சிறு மிடறாக விழுங்கப் பழக்கினார். இப்போது பிளேன்ரீயை இருமாமல் குடிக்கிறேன். வீட்டில் அதை ஒரு சாதனையாக யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

தடிமன் காய்ச்சல் இல்லாமல் மூன்று கிழமைக்கு மேல் குரல் அடைத்திருந்தால், தைரொயிட் பரிசோதனை நடக்கிறபடி நடக்கட்டும், அதே துண்டோடு ஈ.என்.ரி.க்கும் துண்டு கேளுங்கள். 'குரல்நாணைக் கமராவால் பார்க்க வேண்டும்' என்று தாளில் எழுதி நீட்டுங்கள். புகைக்கிறவர்கள் அந்த மூன்று கிழமையைக்கூட நீட்ட வேண்டாம். மூச்சு விடும்போது கூவுகிற சத்தம் வந்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனபோது குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கியிருந்தது. அம்மா அதை அம்மன் கணக்கில் எழுதிவிட்டார், நான் மறுக்கவில்லை. இப்போது குறுகிய வசனங்கள் வருகின்றன. பின்னேரமானால் தேய்ந்துவிடும். போன கிளினிக்கில் பெயர் கூப்பிட்டபோது "ஓம்" என்றேன். எழுதுகிறவர் தலையை நிமிர்த்தாமலே, "கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா" என்றார். மட்டையை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்தேன்.

அடுத்த கமராப் பரிசோதனை ஆவணியில். கட்டிக்கு ஸ்கான் அதற்குப் பிறகு. அந்தத் துண்டில் சீல் இருக்கிறது, பார்த்துத்தான் வாங்கினேன்.