பாஸ் ஆன ரீலை வெட்டச் சொன்னது

“பாஸ் ஆயிருச்சுல்ல, அப்புறம் என்னத்துக்கு வெட்டணும்ங்கிற?” என்று பூச்சுப் பிரிவுத் தலைவர் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரியான பதில்தான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். சரியான பதில் என்றால் அதை ஏன் இன்னும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன் என்பதுதான் புரியவில்லை.

4 மில்லிமீட்டர் அகல ரெப்கோ டேப், அதாவது குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் கரண்ட் கடத்தும் மீக்கடத்தி நாடா. 77 கெல்வினில், திரவ நைட்ரஜனுக்குள் கரண்ட் செலுத்தி மீட்டர் மீட்டராக அளந்ததில் ஐசி (மீக்கடத்தியாகவே இருந்து டேப் தாங்கும் உச்சகட்ட கரண்ட்) 142-லிருந்து 147 ஆம்பியர் வரை இருந்தது. கேட்டிருந்த குறைந்தபட்சம் 120. டேப்பின் மேலே காந்தப்புலத்தை அளந்துகொண்டே போகும் ஹால் புரோப் ஸ்கேனில் மட்டும் ஓரிடத்தில் கூர்மையான ஒரு பள்ளம், 20 சதவீதம் போல. அது விழுந்த மீட்டரின் ஐசி 142.

நான் சொன்னது இதுதான். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோவோல்ட் என்பது நம் அளவுகோல்; அந்த வோல்டேஜ் எழும் கரண்டைத்தான் ஐசி என்கிறோம். வோல்டேஜ் முனைகளுக்கு இடையே ஒரு மீட்டர் என்றால் 100 மைக்ரோவோல்ட். அதில் பாதி ஒற்றை மில்லிமீட்டரிலிருந்து வந்தாலும் கருவிக்குத் தெரியப்போவதில்லை. கரண்ட் கூடும்போது வோல்டேஜ் எவ்வளவு செங்குத்தாக ஏறும் என்று சொல்லும் n மதிப்பை 30 என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு மில்லிமீட்டர் மட்டும் 20 சதவீதம் பலவீனமாக இருக்கும்போது மீட்டருக்கான ஐசி 2, 3 சதவீதம்தான் இறங்கும். 145 இருக்க வேண்டிய இடத்தில் 142, அவ்வளவுதான். காந்தச் சுருளுக்குள் போனபின் சூடாகப்போவது அந்த மில்லிமீட்டர்தான், சராசரி இல்லை. அதுவும் இந்த வகை மீக்கடத்தியில் சூடு நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில்தான் பரவும் என்பதால் குவென்ச் (மீக்கடத்தும் தன்மை திடீரென்று போவது) பாதுகாப்புக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் அந்த இடம் கருகிவிடும்.

அவர் மறுக்கவில்லை. “சரி, ஒத்துக்கிறேன். ஆனா நீ ஒரு சந்தேகத்தை எடுத்துட்டு நிச்சயமான ஒரு ஜாயிண்டை வைக்கிறப்பா” என்றார். அடுத்து, “77-ல காந்தப்புலமே இல்லாம அளந்துட்டு, 20 கெல்வின்ல, 20 டெஸ்லாவுல ஓடப்போறதுக்குச் சர்டிபிகேட் குடுக்குறோம். அதுல ஒரு மில்லிமீட்டருக்குச் சண்டையா?” என்றும் கேட்டார்.

ஜாயிண்டுக்கு என்னிடம் பதில் இருந்தது. வெட்டிய இரண்டு முனைகளையும் சேர்த்து ஒழுங்காகப் பற்றவைத்த ஜாயிண்ட் 50 நானோ ஓம் என்றாலும் 120 ஆம்பியரில் ஒரு மில்லிவாட்டைத் தொடாது. எங்கே இருக்கிறது, எவ்வளவு சூடாகும் என்று முன்கூட்டியே தெரியும். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மீக்கடத்திக்குள் நுழையும் காந்தச் சுழல்கள் நகராமல் பிடித்து நிறுத்த நாம் உள்ளே வளர்க்கும் பேரியம் சிர்கோனேட் நானோ தூண்களின் குணம் 77-ல் ஒன்று, 20-ல் வேறொன்று. இங்கே முந்தும் டேப் அங்கே பின்தங்குவதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அதைச் சொல்லியே எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் சோதனைப் பிரிவு எதற்கு என்று கோபம்தான் வந்தது. கோபம் பதிலாகாது என்பது வேறு விஷயம்.

ஸ்கேனை மறுபடி ஓட்டிப் பார்க்காமலா வெட்டினேன் என்று கேட்பீர்கள். ஓட்டினேன். பள்ளம் அதே இடத்தில் வந்தது, ஆனால் ஆழம் குறைவு. இதுதான் தொல்லை. டேப்பே பலவீனம் என்றால் ஆழம் மாறக்கூடாது. வெறும் அதிர்வு என்றால் இடம் மாறியிருக்க வேண்டும். அகலமான டேப்பைக் குறுகலாக நறுக்கும் ஸ்லிட்டிங்கில் விளிம்பு லேசாக மேலெழும்பி, அந்த இடம் வரும்போதெல்லாம் டேப்புக்கும் புரோபுக்கும் உள்ள இடைவெளி கூடினால் இப்படித்தான் தெரியும். அந்த இடத்தில் மட்டும் வோல்டேஜ் முனைகளை நெருக்கி வைத்து அளக்கலாமே என்றார் அவர். எங்கள் பெஞ்சில் அதற்கு நீள ரீலைக் கையால் பிடித்து, கிளாம்ப் போட்டு, மறுபடி குளிரவைக்க வேண்டும். 50 மைக்ரான் ஹேஸ்டெல்லாய் உலோகக் கலவை மேல் ஒரு மைக்ரான் சொச்சம் பீங்கான், அதுதான் மீக்கடத்தி; அதை அழுத்தினால் இல்லாத குறையையும் நாமே உண்டாக்கிவிடுவோம் என்றேன். அது உண்மையான காரணம்தான். அவசரமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

வெட்டினோம். அந்தத் துண்டை வோல்டேஜ் முனைகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து அளந்தோம். என் கணக்குப்படி 125 வர வேண்டும். வந்தது 138. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அந்த மில்லிமீட்டர்கூடத் தனியாக 129 தாங்கும், அதாவது கேட்டதைவிட அதிகம். மேலே பூசியிருக்கும் செம்பை அரித்து, அதற்கடியில் உள்ள வெள்ளியை அம்மோனியா-பெராக்சைடில் கரைத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் விளிம்பில் ஒரு விரிசல். நிம்மதியாக இருந்தது. பக்கத்துத் துண்டையும் அப்படியே உரித்துப் பார்த்தேன், அதிலும் அதே மாதிரி விரிசல்கள், அங்கே ஸ்கேனில் பள்ளமே கிடையாது. நிம்மதி போய்விட்டது.

ஆனாலும் எபாக்சிப் பிசினில் ஊறவைத்த சுருளில் விளிம்பு விரிசல் எப்படி வளரும், குளிரும்போது குறுக்கே இழுபட்டு அடுக்கு எப்போது உரியும் என்பதையெல்லாம் 138 என்ற எண் சொல்லாது. இதை நான் தேடிப்பிடித்த சமாதானம் என்றும் சொல்லலாம். முதலில் மில்லிமீட்டர்தான் முக்கியம் என்றேன், மில்லிமீட்டர் கைவிட்டதும் விரிசலைப் பிடித்துக்கொண்டேன் என்று அவர் நினைத்திருப்பார். வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் குழப்புகிறது. ஸ்கேன் பெஞ்சின் உருளைகளை மாற்றினார்கள், டேப்பின் இழுவிசையைக் கொஞ்சம் கூட்டினார்கள், அதே சமயத்தில் ஸ்லிட்டிங் பிளேடையும் மாற்றினார்கள். பள்ளங்கள் நன்றாகக் குறைந்தன. கூட்டத்தில் அதைத் தர முன்னேற்றம் என்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள், எல்லோருக்கும் சந்தோஷம். முன்னேறியது டேப்பா, டேப்பை அளக்கும் பெஞ்சா? மூன்றையும் ஒன்றாக மாற்றியபின் வரைபடத்தைப் பார்த்து அதைப் பிரிக்க முடியாது. பழைய பிளேடில் ஒரு ரீல் வெட்டிப் புதிய பெஞ்சில் ஓட்டிப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறேன். நல்ல டேப்பை வேண்டுமென்றே மோசமான பிளேடில் வெட்டுவதா என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.