லைன் அறுந்த வாரம்: லோட்டஸ்ஃபியர் நாட்குறிப்பு

12 ஜனவரி 2012, வியாழன். சென்னை

பெட்டியில் சட்டையை விட ஒயர்தான் அதிகம். இரண்டு லேப்டாப், ரிச்சி தெருவில் வாங்கிய ஐந்து போர்ட் ஸ்விட்ச், மூன்று நெட்வொர்க் கேபிள், அம்மா கொடுத்தனுப்பிய முந்திரிப் பருப்பு அரைக் கிலோ. பருப்பு போன வருஷத்தது. இந்த வருஷத்து மரமெல்லாம் தரையில் கிடக்கிறது.

டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. எங்கள் பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலா எதையும் விட்டுவைக்கவில்லை. வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொல்லைப்பக்க ஓடு பறந்தது, தாத்தா வைத்த பலா மரம் வேரோடு சாய்ந்தது. இரண்டு வாரமாகக் கரண்ட் இல்லை. மாநாட்டுக்கு நான் போகவில்லை என்று சொல்லிவிடட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். "நீ வந்து என்னடா பண்ணப்போற, மரத்தைத் தூக்கி நிறுத்தப்போறியா? போயிட்டு வா" என்றார்.

சரி, கிளம்பிவிட்டேன். லோட்டஸ் நோட்ஸ் என்பது மெயில், பதிவேடு எல்லாம் வைத்துக்கொள்ளும் ஐபிஎம்மின் அலுவலக மென்பொருள். அதை வைத்துப் பிழைப்பவர்களுக்கு லோட்டஸ்ஃபியர் மாநாடு ஊர்த் திருவிழா மாதிரி. 1993 முதல் அமெரிக்காவில் ஆர்லாண்டோவில் நடக்கிறது. பெரும்பாலும் ஜனவரியில், அதாவது நம் பொங்கலோடு மோதிக்கொண்டு. பேசுவதற்கு மூன்று வருஷமாகச் சுருக்கம் எழுதி அனுப்பினேன், இந்த முறைதான் எடுத்துக்கொண்டார்கள். தலைப்பு: லைன் இல்லாத இடத்தில் ரெப்ளிகேஷன். லைன் என்றால் நெட் இணைப்பு; ரெப்ளிகேஷன் என்றால் ஒரே பதிவேட்டின் பிரதிகள் தங்களுக்குள் மாற்றங்களைப் பரிமாறிச் சரிசெய்துகொள்வது.

14 ஜனவரி, சனி. ஆர்லாண்டோ

டிஸ்னி வளாகத்துக்குள் ஒரு குளம், அதன் இரு பக்கமும் ஸ்வான், டால்பின் என்று இரண்டு ஹோட்டல். மாநாடு இரண்டிலுமாக நடக்கிறது. ஒன்றின் கூரையில் ராட்சத அன்னங்கள், இன்னொன்றின் கூரையில் ராட்சத டால்பின்கள். மைக்கேல் கிரேவ்ஸ் என்ற பெரிய கட்டடக் கலைஞர் வடிவமைத்ததாம். இருக்கட்டும். எனக்கு அந்த டால்பின் வாயைத் திறந்த கெளுத்தி மாதிரிதான் தெரிகிறது.

இங்கே இரவு எட்டரை மணி ஆனால் ஊரில் ஞாயிறு காலை ஏழு, பொங்கல். அண்ணன் நம்பர் இரண்டு தடவை ஸ்விட்ச் ஆஃப். மூன்றாவது தடவை கிடைத்தது. கடைவீதியில் ஒருத்தர் ஜெனரேட்டர் போட்டு போனுக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு சார்ஜ் ஏற்றித் தருகிறாராம். "சாய்ஞ்ச மரத்து விறகுலதான்டா பொங்கல். பச்சை மரம், ஒரே புகை. அம்மாவுக்குக் கண்ணெல்லாம் எரியுது" என்றார். பின்னால் யாரோ "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியது கேட்டது. அதோடு லைன் கட்.

பிறகு பக்கத்தில் போர்டுவாக்கில் ஒரு ஸ்போர்ட்ஸ் பாருக்குப் போனேன். மாநாட்டுக்கு முதல் நாளே வந்து சேர்ந்த கூட்டம் அங்கேதான் இருந்தது. சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் பேட்ரியட்ஸுக்கும் பிராங்கோஸுக்கும் நடந்த அமெரிக்கக் கால்பந்து. நான் மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு பெர்த் டெஸ்ட் ஸ்கோர் பார்த்தேன். கோலி 75. இன்னிங்ஸும் 37 ரன்னும் வித்தியாசத்தில் தோல்வி. என் முகத்தைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரர், நானும் பிராங்கோஸ் ஆள் என்று நினைத்து முதுகில் தட்டிக் கொடுத்தார். மறுக்கவில்லை.

15 ஜனவரி, ஞாயிறு

பதிவு, கழுத்துப் பட்டை, பை. காபி வரிசையில் "என்னங்க, நம்ம ஊர்ப் பக்கமா?" என்று ஒரு குரல். கும்பகோணத்துக்காரர், நியூ ஜெர்சியில் பதினைந்து வருஷமாக டொமினோ, அதாவது நோட்ஸ் சர்வர், அட்மின். முந்திரியில் ஒரு கைப்பிடி அவருக்குப் போனது.

16 ஜனவரி, திங்கள்

காலை தொடக்க அமர்வு. விளக்கை அணைத்ததும் ஓகே கோ இசைக்குழு. டிரெட்மில்லில் ஆடிப் பெயர் வாங்கினவர்கள். அப்புறம் சிறப்பு விருந்தினராக மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் வந்தார். முப்பது வயதுவாக்கில் பார்க்கின்சன் என்று தெரிந்து, ஏழு வருஷம் வெளியே சொல்லாமல் நடித்த மனிதர். உடம்பு ஒரு நொடி சும்மா இருக்கவில்லை, பேச்சில் மட்டும் ஒரு தடுமாற்றமும் இல்லை. இருபது பேர் முன்னால் பேசுவதற்கு எனக்குக் கை நடுங்குகிறது என்று இனிமேல் சொல்லமாட்டேன்.

மற்றதெல்லாம் 'சோஷியல் பிசினஸ்'. அலுவலகம் முழுக்க ஒரே ஓடையில் ஓடும்: யார் என்ன செய்தார்கள் என்ற வரிகள், அந்த வரிக்குள்ளேயே விடுப்பை அனுமதிக்கலாம், ஃபைலைத் திறக்கலாம். டெமோ அழகாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. என் வரிசையில் மூன்று பேர் மேடையில் 'நோட்ஸ்' என்ற சொல் எத்தனை தரம் வருகிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையே போதுமாக இருந்தது. மேடையில் காட்டியது எல்லாமே லைன் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. நான் பேசப்போவது லைன் இல்லாதவனைப் பற்றி. தப்பான ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

17 ஜனவரி, செவ்வாய்

இரண்டு அடி விழுந்த நாள்.

முதலாவது, ரிச்சி தெரு ஸ்விட்ச். அறையில் சொருகினேன், விளக்கே எரியவில்லை. அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 220 வோல்ட் மட்டும் என்று போட்டிருக்கிறது. இங்கே வருவது 110. உள்ளே பழைய டிரான்ஸ்ஃபார்மர், பாதி கொடுத்தால் பாதிதான் தரும். கும்பகோணத்துக்காரரைக் கூப்பிட்டேன். "ரெண்டு லேப்டாப்தானே? நேரா ஒரே கேபிளைப் போடுங்க, கிகாபிட் கார்டு தானா புரிஞ்சுக்கும்" என்றார். புரிந்துகொண்டது. இது எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் வலித்தது. நோட்ஸை எழுதுகிறவர்களே உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்லும் கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே போய் என் பேச்சின் மையக் கதையைச் சொன்னேன். கதை இதுதான்:

சர்வீஸ் இன்ஜினியர்கள் லேப்டாப்பில் புகார்ப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். லைன் கிடைக்கிற இடத்தில் சர்வரோடு ரெப்ளிகேட் செய்வார்கள். சர்வரில் ஒரு பதிவை அழித்தால் அது சுவடில்லாமல் போவதில்லை. 'இது அழிக்கப்பட்டது' என்று ஒரு சின்ன அடிக்கட்டை நிற்கும். அதைப் பார்த்துத்தான் மற்ற பிரதிகளும் அழித்துக்கொள்ளும். ஆனால் வழக்கமான அமைப்பில் 90 நாள் ஆனால் அடிக்கட்டையும் போய்விடும். வேலையை விட்டுப் போன ஒருவரின் லேப்டாப் எட்டு மாதம் பீரோவில் தூங்கியது. புது ஆளுக்கு அதைக் கொடுத்தது நான். ரெப்ளிகேஷன் சரியாக ஓடவில்லை என்று 'ஹிஸ்டரியை அழி' பொத்தானை அமுக்கியதும் நானேதான். ஹிஸ்டரி இருந்திருந்தால் கடைசியாகப் பேசியதற்குப் பிறகு மாறியதை மட்டும் அனுப்பியிருக்கும். இல்லாததால் இருப்பதையெல்லாம் அள்ளி அனுப்பியது. எப்போதோ முடித்து அழித்த புகார்கள் ராத்திரியோடு ராத்திரியாக உயிர்த்தெழுந்தன. காலையில் வாடிக்கையாளர்களுக்கு "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்று எஸ்எம்எஸ். ஒரு அம்மா போன் செய்து, "அந்த ஃப்ரிட்ஜைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டு ஆறு மாசமாச்சுப்பா" என்றார்.

என் 22-வது ஸ்லைடு: 'இதைத் தடுக்க நோட்ஸில் வழியில்லை, நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.' கூடத்தில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 8.5.3 பதிப்பில் வழி வைத்திருக்கிறோமே என்றார். பர்ஜ் இன்டர்வல் ரெப்ளிகேஷன் கன்ட்ரோல். சுருக்கமாக பிர்க். அடிக்கட்டைக் கெடுவுக்கு முந்தைய தேதியில் கடைசியாக மாறிய பதிவு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடும். 8.5.3 வெளிவந்தது போன அக்டோபரில். எங்கள் சர்வர் இன்னும் 8.5.2, நான் வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கவில்லை. இதை நூறு பேர் முன்னால் ஒருவர் எழுந்து சொல்லியிருந்தால்?

18 ஜனவரி, புதன்

விக்கிப்பீடியா இன்று கறுப்பு. அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருக்கும் சோபா (SOPA) என்ற இணையத் திருட்டுத் தடுப்பு மசோதாவை எதிர்த்து ஆங்கிலப் பதிப்பை ஒரு நாள் மூடிவிட்டார்கள். எனக்கு அவசரமாக வேண்டியது ஒரே ஒரு வருஷம்: நோட்ஸ் முதல் பதிப்பு எப்போது வந்தது? பேச்சாளர் அறையில் நரைத்த தலை ஒருவரைக் கேட்டேன். "1989 டிசம்பர்" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

இரவு பெரிய விருந்து, எல்லாரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். என் பேச்சு நாளைக் காலை எட்டரைக்கு. விருந்துக்கு மறுநாள் காலை எட்டரை என்பது பேச்சாளருக்குக் கொடுக்கும் தண்டனை. 22-வது ஸ்லைடைத் தூக்கினேன். அதன் இடத்தில் பிர்க்கை வைத்தேன். 'செவ்வாய்க்கிழமை வரை இது எனக்குத் தெரியாது' என்ற வரியையும் சேர்த்தேன். அழித்தேன். திரும்பச் சேர்த்தேன். கீழே கிமோனோஸ் பாரில் யாரோ கரோக்கியில் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

19 ஜனவரி, வியாழன்

ஸ்வான் ஹோட்டலில் கூட்ட அறைகளுக்கெல்லாம் பறவைப் பெயர். எனக்குக் கிடைத்தது பெலிகன், அதாவது கூழைக்கடா. எட்டு இருபத்தைந்துக்கு ஒன்பது பேர். எட்டு முப்பத்தைந்துக்கு அறுபது பேர் இருக்கும், பாதிப் பேர் கையில் காபியும் கண்ணில் தூக்கமுமாக.

கேபிளைப் பிடுங்கினேன். இரண்டு லேப்டாப்பிலும் ஒரே புகாரை வேறு வேறாகத் திருத்தினேன், மறுபடி சொருகி ரெப்ளிகேட் கொடுத்தேன். பட்டியலில் முரண்பாட்டைக் காட்டும் அந்தச் சின்ன வைரக்குறி வந்தது. அதிகத் தடவை திருத்தப்பட்டது ஜெயித்தது, மற்றது அதன் அடியில் தொங்கியது. 'ஹிஸ்டரியை அழி' என்று சொன்னதும் முன்வரிசையில் ஒருவர் "நோ, நோ" என்று தலையில் கை வைத்தார். அவரும் அமுக்கியிருக்கிறார். ஃப்ரிட்ஜ் அம்மாவுக்கு நல்ல சிரிப்பு. பேரீச்சம்பழத்தைத்தான் ஆங்கிலத்தில் விளக்க முடியவில்லை.

கேள்வி நேரத்தில் நார்வேக்காரர் ஒருவர் எழுந்தார். கப்பல் கம்பெனி. அவருடைய சில பிரதிகள் கடலில் நாலு மாதம்கூடப் பேசாமல் இருக்குமாம். "பிர்க் போட்டால், கப்பலில் முதல் மாதம் எழுதிய உண்மையான பதிவையும் பழசு என்று தள்ளிவிடாதா?"

தள்ளிவிடும். அதை நான் யோசித்திருக்கவே இல்லை. பயணத்தை விட நீளமாகக் கெடுவை வையுங்கள், அடிக்கட்டைகள் பெருத்து டேட்டாபேஸ் கனக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஒத்துக்கொண்ட மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. முடிந்த பிறகு வெளித் தாழ்வாரத்தில் இருவரும் தரையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் காகிதத்தில் கோடு போட்டோம். மீதி முந்திரி அங்கே தீர்ந்தது.

21 ஜனவரி, சனி. திரும்பும் வழியில்

கருத்துப் படிவங்களில் இரண்டு மட்டும் பார்க்கக் கிடைத்தன. ஒன்று: 'கொஞ்சம் மெதுவாகப் பேசவும்.' இன்னொன்று: 'வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குப் போனதும் எங்கள் பீரோவைத் திறந்து பார்க்கப்போகிறேன்.'

அண்ணனைப் பிடித்தேன். கரண்ட் கம்பம் எங்கள் தெருமுனை வரை நட்டாகிவிட்டதாம், கம்பி இன்னும் வரவில்லை. பலா மரத்துக்கு வியாபாரி வந்து விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். என்ன விலை என்று கேட்டேன். அவர் சொன்னது விட்டுவிட்டுத்தான் கேட்டது, எண் மட்டும் விழவில்லை. "அடிமரத்தை மட்டும் கொடுக்காத, நான் வந்துடறேன்" என்று இரண்டு தடவை கத்தினேன். கேட்டதா என்று தெரியவில்லை.