பின்பக்க ஷாக் மாற்றிய கதை: முக்கால் மணி நேர வேலையும் ஒரு துருப்பிடித்த போல்ட்டும்

முருங்கையும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய் வருவதுதான் எங்கள் பிக்கப்பின் பிழைப்பு. 1,10,000 கிலோமீட்டர் தாண்டியபிறகு வண்டியின் பின்பக்கம் ஒரு மாதிரி ஆட ஆரம்பித்தது. லோடு இருக்கும்போது அவ்வளவாகத் தெரியாது, காலியாகத் திரும்பும்போதுதான், வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஒரு குதியோடு நிற்காமல் மூன்று நான்கு தடவை தூக்கிப்போடும், வளைவில் பள்ளம் வந்துவிட்டால் பின்சக்கரம் பக்கவாட்டில் ஒரு எட்டு எடுத்து வைக்கும். பின் டயரைத் தடவினால் ஓரிடம் மேடு, ஓரிடம் பள்ளம்.

ஷாக் (வண்டியின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போய்விட்டதா என்று காருக்குச் செய்வதுபோல மூலையில் அழுத்திப் பார்த்தேன். அடுக்கடுக்காக இரும்புப் பட்டை வைத்த பட்டை ஸ்பிரிங் வண்டிக்கு அதெல்லாம் செல்லாது, நான் ஏறி நின்று குதித்தாலும் அசையாது. பஞ்சர் கடை அண்ணன்தான் வழி சொன்னார்: மோசமான ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நிறுத்திய கையோடு இரண்டு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள் என்று. வண்டியின் ஆட்டத்தை உள்ளே இருக்கிற ஆயில் வழியாகச் சூடாக மாற்றிக் கரைப்பதுதானே ஷாக்கின் வேலை. தொட்டேன் (சைலன்சரில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). வலதில் நல்ல வெதுவெதுப்பு. இடது ஷாக் காலையிலிருந்து வேலையே பார்க்காதது போல இருந்தது, உடம்பெல்லாம் ஆயில் கசிந்து அதன்மேல் புழுதி அப்பிக் கிடந்தது.

ஒன்றுதானே போயிருக்கிறது, ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று ஆசை வரும். வேண்டாம். ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்வு என்றால் பிரேக் அடிக்கும்போதும் வளைவிலும் வண்டி ஒரே மாதிரி நிற்காது. ஜோடியாகவே வாங்கினேன்.

வேலை ஞாயிற்றுக்கிழமை. சனி ராத்திரியே நான்கு போல்ட்டிலும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு டீசலும் கிரீஸ் ஆயிலும் கலந்து ஊற்றி வைத்தேன். காலையில் அக்கா மகன் உதவிக்கு வந்தான். வந்ததும் கேட்டது, “மாமா, இதைக் கழட்டுனா வண்டி மேல உக்காந்துராதா?” நியாயமான பயம்தான். ஆனால் இந்த மாதிரி வண்டியில் பின்பக்க பாரத்தைத் தாங்குவது பட்டை, ஷாக் இல்லை. ஷாக்கைக் கழற்றினால் ஒன்றும் இறங்காது. அதனால் ஜாக்கியே போடவில்லை, நாலு சக்கரமும் தரையில், கியரில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் அணை கொடுத்து, சாக்கை விரித்துக் கீழே நுழைந்தேன். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தே வரும் வண்டிகளுக்கு இது பொருந்தாது. அந்த ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்ற தனி கருவி வேண்டும், வீட்டில் கை வைக்காதீர்கள்.

வலது பக்கம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இடது பக்கம் கீழ் போல்ட்டில்தான் அன்றைய பொழுது போனது. நட்டு சமர்த்தாகக் கழன்றது. போல்ட் வரவில்லை. தலையில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் கால் சுற்று போகிறது, கையை விட்டால் திரும்ப அதே இடத்துக்கு வருகிறது. கொஞ்ச நேரம் ஏதோ கழல்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: ஷாக்கின் முனை வளையத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் நடுவில் உள்ள இரும்புக் குழாயும் போல்ட்டும் துருவில் ஒன்றாகிவிட்டன, நான் முறுக்குவது ரப்பரை. மரை கெடாமல் இருக்க நட்டைத் திரும்ப முனை மட்டத்துக்கு ஏற்றி, சுத்தியலால் அடித்துப் பார்த்தோம். ம்ஹூம். கண்ணில் துரு விழுந்ததுதான் மிச்சம், கண்ணாடி போடாமல் படுத்தது என் தப்பு.

கேஸ் வைத்துச் சுடலாம் என்று மாப்பிள்ளை யோசனை சொன்னான். பக்கத்தில் பிரேக் ஹோஸ், கொஞ்சம் தள்ளி டீசல் டேங்க். கிரைண்டர் பொறிக்கும் அதே பயம். கடைசியில் ஆக்சா பிளேடுதான். ஷாக்கைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் காதுக்கும் புஷ் குழாய்க்கும் நடுவே பிளேடு நுழைகிற அளவு சந்து இருந்தது. அந்தப் பக்கம் ஒரு வெட்டு, இந்தப் பக்கம் ஒரு வெட்டு. ஆக்சா பிரேம் உள்ளே போகாது, வெறும் பிளேடுக்குத் துணி சுற்றிப் பிடித்து, ஆளுக்குக் கொஞ்ச நேரமாக, மல்லாந்து படுத்தபடி அறுத்தோம். மூன்று பிளேடு உடைந்தது. சாப்பாடு மூன்றரைக்கு.

புது போல்ட் வாங்கும்போது மட்டும் சமரசம் வேண்டாம். கேட் செய்கிற சாதா போல்ட் போதும் என்று கடைப்பையன் எடுத்துக் கொடுத்தான். தலையில் 8.8 என்று அடித்திருக்கிற ஹைடென்சில் (அதிக பலம் தாங்கும்) போல்ட்டாகக் கேட்டு வாங்கினேன்.

புது ஷாக்கை அப்படியே மாட்டாமல், நிற்கிற மாதிரி நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு தடவை முழுசாக இழுத்து அமுக்கினோம். படுக்கை வாக்கில் கிடந்ததால் உள்ளே காற்று புகுந்திருக்கும், முதல் இரண்டு அமுக்கில் நடுவே வெறுமையாக ஓர் இடம் வரும், பிறகு சீராகிவிடும். போல்ட்டின் உடம்பில் கிரீஸ் தடவி மேல் முனையை முதலில், கீழ் முனையை அப்புறம். கடைசி இறுக்கு எப்போதும் வண்டி பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான். சக்கரத்தைத் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். நாங்கள் ஜாக்கி போடாததால் அந்தத் தொல்லை இல்லை.

செலவு ஜோடி ஷாக், போல்ட், பிளேடு எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கழற்றிய இடது ஷாக்கை மாப்பிள்ளை ஒரு விரலால் அமுக்கினான், சைக்கிள் பம்பை விட லேசாக உள்ளே போனது, போன இடத்திலேயே நின்றது.

புதன்கிழமை மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டுக் காலியாக வரும் வழியில், வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, நட்டுகளை இன்னொரு தடவை ஸ்பேனர் போட்டுச் சரிபார்த்துவிட்டு இரண்டையும் தொட்டேன். இரண்டிலும் ஒரே சூடு.