கோவை மாடியில் பூத் ஜோலோக்கியா: ஒரு பருவத்தின் நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 5

அசாமின் தேஜ்பூரைச் சேர்ந்த அலுவலக நண்பர் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த காய்ந்த பூத் ஜோலோக்கியா மிளகாய்ப் பழங்களில் சிலவற்றைப் பிரித்து, விதைகளை இன்று குழித்தட்டில் ஊன்றினேன். மீதிப் பழங்களைப் புட்டியில் அடைத்துவைத்திருக்கிறேன். 2007-இல் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் அறிவித்தது இந்த வகையைத்தான். நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பால் போஸ்லாண்ட் அளந்தபோது காரத்தைக் குறிக்கும் அதன் ஸ்கோவில் அளவு 10,01,304 என்று வந்தது. பிறகு கரோலினா ரீப்பர் மிளகாயும் 2023-இல் பெப்பர் எக்ஸ் மிளகாயும் அதைத் தாண்டிவிட்டன. எனக்கு அந்தப் போட்டியைவிட வேறொரு செய்தியில்தான் அக்கறை. தேஜ்பூரில் விளைந்த பழத்தையும் வறண்ட குவாலியரில் விளைந்த பழத்தையும் ஒப்பிட்டு 2005-இல் வெளிவந்த ஆய்வொன்றில், குவாலியர்ப் பழத்தின் காரம் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. வெயில் நன்றாகக் காய்ந்தால்தான் மிளகாய் உறைக்கும் என்று நம் பக்கம் சொல்வதுண்டு. ஈரக்காற்றில் வளர்ந்து பழகிய இந்தச் செடிக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன். இந்தப் பருவத்தில் அதைத்தான் பார்க்கப்போகிறேன்.

மார்ச் 2

முளைப்பு இன்றுதான் கண்ணில் பட்டது. குண்டு மிளகாய் விதை பத்து நாளுக்குள் முளைத்துவிடும். இது கேப்சிகம் சைனென்ஸ் இனம், மூன்று நான்கு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். தட்டிலுள்ள தென்னை நார்க்கழிவு ஈரமாக இருக்க வேண்டும், சொதசொதவென்று இருக்கக் கூடாது, சூடும் 28 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். தட்டை இரவில் குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்தது அதற்காகத்தான்.

ஏப்ரல் 13

நாற்றுகளைப் பைகளுக்கு மாற்றினேன். செம்மண், மண்புழு உரம், நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து, கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் சேர்த்தேன். ஐம்பது சதவீத நிழல் வலையை மேலே மட்டுமல்லாமல் மேற்குப் பக்கமும் இறக்கிக் கட்டியிருக்கிறேன், ஏனென்றால் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் கைப்பிடிச் சுவர் உமிழும் அனல்தான் மாடியில் வெயிலைவிடக் கொடியது. பைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் வைத்ததும் அதே காரணத்தால்தான்.

மே 9

பூக்கள் வந்தன, உதிர்ந்தும்விட்டன. ஒரே கணுவில் இரண்டு மூன்றாகத் தலைகவிழ்ந்து தொங்கும், பச்சை கலந்த வெண்ணிறப் பூ. நடுவில் மகரந்தப்பை நீலம் பாய்ந்திருக்கும். காம்பு லேசாக மஞ்சளானால் மறுநாள் காலையில் அந்தப் பூ பையின் மண்ணில் கிடக்கிறது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் குறையாதபோது மகரந்தம் வீரியம் இழந்துவிடுவதால், சித்திரை வெயிலில் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். தழைச்சத்து கொடுத்தால் இலைதான் கூடும், பூ நிற்காது. ஆகவே தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்த தேமோர்க் கரைசல் மட்டும் தெளித்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

இரண்டு செடிகளில் நுனி இலைகள் சுருண்டிருந்தன. மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டு காம்பும் நீண்டால் மஞ்சள் சிலந்தி. இங்கே முதல் வகை. வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடித்தேன்.

ஜூன் 22

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கியதும் செடியின் போக்கே மாறிவிட்டது. கோவைக்கு மழை குறைவாகக் கிடைத்தாலும் இந்தக் காற்றில் ஈரம் இருக்கிறது, இரவும் குளிர்கிறது. உதிர்ந்த கணுக்களுக்கு மேலேயே புதிய பூக்கள் பிடித்துப் பிஞ்சாகியிருக்கின்றன. கிளைகள் ஒடியாமல் இருக்க மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டினேன்.

ஆகஸ்ட் 17

முதல் பழங்களைப் பறித்தேன். விரல் நீளத்துக்குச் சற்றுக் குறைவு; தோல் வழுவழுப்பாக இல்லாமல் புள்ளி புள்ளியாகப் புடைத்து, சுருங்கிக் கூம்பி முடிகிறது. கையுறை போட்டுக்கொண்டு ஒன்றை நீளவாக்கில் பிளந்தேன். சாதாரண மிளகாயில் காரம் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் சுரக்கும், விதையில் அன்று. இத்தகைய மிகு காரமான வகைகளில் தோலின் உட்சுவரிலும் சுரப்பிகள் உண்டு; இந்தப் பழத்தின் உட்சுவரெங்கும் மஞ்சள் எண்ணெய்த் துளிகள் கோத்து நின்றதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. கத்தியையும் பலகையையும் முதலில் நல்லெண்ணெய் தடவித் துடைத்து, அதன் பிறகே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காரத்தைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை.

செப்டம்பர் 14

1912-இல் வில்பர் ஸ்கோவில் செய்ததும் அடிப்படையில் ஒரு நாக்குச் சோதனைதான்: மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் நீர்க்க வைத்துக்கொண்டே போய், உறைப்பு எப்போது மறைகிறது என்று சுவைப்பவர்களிடம் கேட்பார். ஆய்வகக் கருவி இல்லாத வீட்டில் அதையே எளிமையாகச் செய்தோம். என் பழங்களை உலர்த்தி, தேஜ்பூர்ப் பழத்தோடு எடைக்கு எடை சமமாகப் பொடித்து, தனித்தனியே எண்ணெயில் ஊறவைத்து, ஒரே அளவு கெட்டித் தயிரில் துளித்துளியாகக் கலந்து, எது எதுவென்று சொல்லாமல் நண்பரிடம் கொடுத்தேன். ஊர்ப் பழத்தை அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார். அதன் உறைப்பு தொண்டைக்குப் பின்னால் நெடுநேரம் நிற்கும் என்றார். என்னுடையதைப் பற்றி, “காரம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் பாதியாகக் குறையவில்லை அண்ணா, வாசனையும் அப்படியே இருக்கிறது” என்றார். அளந்த கணக்கு அல்ல என்றாலும், சிறுவயது முதல் இதைச் சாப்பிட்டு வளர்ந்த நாக்கின் தீர்ப்பு என்பதால் நான் அதை மதிக்கிறேன். நிழலும் காற்றின் ஈரமும் வீண்போகவில்லை.

பக்கத்தில் குண்டு மிளகாய் இருப்பதால் தேனீ வழியாகக் கலப்பு நேரலாம். எனவே, விதைக்கென்று வைத்திருக்கும் கிளையின் மொட்டுகள் விரியும் முன்பே மெல்லிய துணிப்பையைக் கட்டியிருக்கிறேன். இந்தச் செடி பல ஆண்டு வாழக்கூடியது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, பையின் மேல்மண்ணை மாற்றி, அடுத்த வெயில் ஏறும் முன்பே காய்க்கவிட எண்ணம்.