சிக்னலில் அணையும் வண்டி

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது பைக் ஆஃப் ஆனால் வரும் எரிச்சல் இருக்கிறதே, பின்னாடி ஹாரன் அடிப்பவர்களுக்கு அது புரியாது. 60-இல் போனால் ஜம்மென்று ஓடுகிறது. முறுக்கை விட்டால் பொட்டென்று அணைகிறது.

எல்லோரும் சொல்வது, பிளக்கை மாத்து, அப்புறம் ஐடிலிங்கை, அதாவது முறுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, ஏத்தி வை. ஏற்றினால் நோய் மறையும், போகாது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்ப்பரேட்டர் உள்ள வண்டி என்றால், இன்ஜின் சூடான பிறகு சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள், அது கலவையில் பெட்ரோலைக் கூட்டும். அப்போது அணையாமல் ஓடினால், ஒன்று பெட்ரோல் குறைவாகப் போகிறது, அல்லது எங்கோ காற்று உள்ளே கசிகிறது.

என் வண்டியில் கோளாறு பைலட் ஜெட்டில், கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் சின்ன ஓட்டை போட்ட திருகு. மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் தருவது அதுதான், அதனால்தான் வேகத்தில் கோளாறே தெரிவதில்லை. ராயபுரத்து மெக்கானிக் அண்ணன் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மயிரிழை ஓட்டை, உள்ளே பச்சையாகப் பாசி மாதிரி அடைப்பு. “கம்பி வுட்டு குத்தாத தம்பி, ஓட்டை பெர்சாயிடும்” என்று கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, காற்று ஊதி மாட்டினார். காற்று கசிகிறதா என்று, கார்ப்பரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்து ரப்பரையும் வளைத்து வெடிப்பு பார்த்தார். அது நன்றாகத்தான் இருந்தது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலும் கார்ப்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்தான். அங்கே இந்த வைத்தியம் செல்லாது, இன்ஜினுக்குக் காற்று போகும் வழியான த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நாள்பட்டுத் தேங்கிய பெட்ரோல்தான் ஜெட்டை இப்படி அடைக்கும். அதனால் கார்ப்பரேட்டர் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திப் போடுபவர்கள், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு கார்ப்பரேட்டரில் மிச்சம் இருப்பதை வடித்துவிடுங்கள்.