தரையில் 17 சூரியன்கள்

செப்டம்பர் முதலாம் திகதி காலை ஒன்பதரை மணிக்கு நான் கொழும்பில், அலுவலகத்தில் கணினியின் முன்னால் இருந்தேன். ரொறன்ரோவில் அப்போது நள்ளிரவு. ஆகஸ்ட் 31 முடிவதோடு எங்கள் இணைய ஒளிப்படக் குழுவை மூடிவிடுவதாக, அதை அங்கிருந்து நடத்திய அண்ணா ஒரு மாதத்துக்கு முன்பே எழுதியிருந்தார். 9.29க்குப் பக்கம் திறந்தது. 9.34க்கும் திறந்தது. அவருக்கு மனம் வரவில்லை என்று நினைத்தேன். 9.41க்கு வெள்ளைத் திரை வந்தது. பக்கத்து மேசையில் இருக்கும் பிள்ளை, "என்ன அக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கிறது?" என்று கேட்டாள். தலைவலி என்றேன். வேறு எப்படிச் சொல்வது? முகம் பார்க்காத இருநூறு பேருடைய வீடு ஒன்று இடிந்துவிட்டது என்றா?

எங்கள் குழு 2006இல் தொடங்கியது. நான் 2007இல் சேர்ந்தேன். லண்டனில் இருந்து வந்த மச்சாள் கொண்டுவந்து தந்த கனன் 400டி கமராவும், 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும்தான் அப்போது என்னிடம் இருந்தன. வாரத்துக்கு ஒரு தலைப்பு, ஒருவருக்கு ஒரு படம். மற்றவர் படத்துக்குக் கருத்து எழுதினால் காரணமும் எழுத வேண்டும். "வடிவு" என்று ஒற்றைச் சொல்லோடு போக முடியாது. ஏன் வடிவு, எந்த இடம் வடிவு, எது இல்லாமல் இருந்தால் இன்னும் வடிவு என்று சொல்லியாக வேண்டும். இந்த ஒரு விதிதான் எங்களை வளர்த்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வவுனியாவில் இருந்து எழுதும் மாஸ்டர் ஒருவர் இருந்தார். "புகைப்படம்" என்று யாராவது எழுதினால், "புகை எங்கே இருக்கிறது? ஒளிப்படம் என்று எழுதுங்கள்" என்று திருத்துவார். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளர் ஒருவரை நான் எடுத்த படத்தைப் போட்டிருந்தேன். தலைக்கு மேல் அடுக்கிய வெங்காய மூட்டைகள், நெற்றியில் வியர்வை, பின்னால் மங்கிய கடைப் பலகைகள். எனக்கே பெருமையாக இருந்த படம். மாஸ்டர் இரண்டு வரி எழுதினார்: "சுமையை எடுத்திருக்கிறீர்கள் தங்கச்சி, காலை வெட்டிவிட்டீர்கள். சுமையின் கனம் காலில்தான் தெரியும்." அடுத்த சனிக்கிழமை மறுபடியும் இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். சிவப்பும் வெள்ளையுமான சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் எதிரே, கடைப் படியில் தாழ அமர்ந்து, அங்கே போகிற வருகிற கால்களையே ஒரு மணி நேரம் பார்த்தேன். பிளந்த குதிகால்கள், ஒரு வார் அறுந்த செருப்புகள், பாரம் ஏறும்போது தரையைக் கவ்விப் பிடிக்கும் விரல்கள். அன்றைக்குப் பிறகு யாரைப் படம் எடுத்தாலும் முதலில் காலைப் பார்க்கிறேன்.

கொழும்பின் கடல் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் படரும் என்பதைக் கற்றுத் தந்தவர் பினாங்கில் இருந்து எழுதியவர். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வை, மாதத்துக்கு ஒரு தடவை டோர்ச் வெளிச்சத்தில் லென்ஸை ஊடுருவிப் பார், சிலந்தி நூல் போல ஏதும் தெரிகிறதா என்று தேடு. என் லென்ஸ் இன்றும் சுத்தமாக இருப்பது அவரால்தான். சூரியன் மறைந்து இருள் முழுதாக இறங்கும் முன் வரும் அந்த நீல நேரத்துக்குத் தமிழில் என்ன சொல் என்று மூன்று வாரம் விவாதித்தோம். ஏதேதோ புதிதாகச் செய்து பார்த்தோம். கடைசியில் வடமராட்சி அக்கா ஒருவர் வந்து, "மம்மல் என்று எங்கள் அம்மா சொல்லுவா, அது போதாதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் அது மம்மல்தான்.

இனி 2008ஐப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண் கமராவோடு தெருவில் நிற்பது எளிதான காரியமாக இருக்கவில்லை. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் கற்களின் மேல் அலை உடையும் இடத்தில், மாலை ரயிலின் ஜன்னல் கம்பிகளில் தொங்கி வருபவர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். சீருடையில் இருந்த ஒருவர் வந்தார். அடையாள அட்டையை வாங்கினார். பிறந்த இடத்தை வாசித்தார். எதற்குப் படம், யாருக்கு அனுப்ப, ரயிலை ஏன் எடுக்க வேண்டும் என்று கேள்விகள். முக்கால் மணி நேரம். கடைசியில் அவர் பார்த்திருக்க, அன்று எடுத்த எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாக நானே அழித்தேன். வீட்டுக்கு வந்து கமராவை அலமாரிக்குள் வைத்தேன். அம்மா, "இனி அதை வெளியே கொண்டுபோகாதே" என்றார். கொண்டுபோகவில்லை.

மூன்று வாரம் நான் படம் போடாததைக் கண்டு அண்ணா எழுதிக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் எழுதவில்லை. அந்தத் திங்கட்கிழமை புதிய தலைப்பை அறிவித்தார்: "வீட்டுக்குள் வரும் வெளிச்சம்." ஒரு வாரத்துக்கு அல்ல, நான்கு வாரத்துக்கு. காரணம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

நான்கு வாரமும் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே எடுத்தார்கள். நோர்வேயில் இருந்தவர் இரவு பதினொரு மணிக்கும் திரைச்சீலையின் ஓரத்தால் கசியும் கோடைச் சூரியனை எடுத்தார். பினாங்குக்காரர் மழை நேரத்துக் குளியலறைக் கண்ணாடியை எடுத்தார். நான், எங்கள் ஒழுங்கையின் கடல் பக்கத்தில் இருந்து நாலரை மணிக்குக் குசினிக்குள் சரிந்து வரும் வெயிலில் கழுவி நிமிர்த்தி வைத்திருந்த இடியப்பத் தட்டுகளை எடுத்தேன். பிரம்புப் பின்னலின் நிழல் சுவரில் வலை போல விழுந்திருந்தது. பத்து ஆண்டுகள் அந்தக் குசினியில் நின்றிருக்கிறேன், அந்த நிழலை ஒரு நாளும் கண்டதில்லை.

கிளிநொச்சியில் இருந்து ஒரு தம்பி எழுதுவான். இணைப்பு கிடைக்கும்போது மட்டும் வருவான். சில சமயம் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை. உண்மைப் பெயர் தெரியாது, புனைபெயர்தான். அவன் போட்ட படத்தில் இருந்தது ஒரு மண் தரை மட்டும். கூரையின் கிடுகுகளுக்கு இடையில் இருந்த ஓட்டைகளால் வெயில் இறங்கித் தரையில் சின்னச் சின்ன வட்டங்களாகக் கிடந்தது. "ஓட்டை எந்த வடிவத்தில் இருந்தாலும் தரையில் விழுவது வட்டம்தான் அக்கா. இவை வெறும் வெளிச்சப் புள்ளிகள் அல்ல, ஒவ்வொன்றும் சூரியனுடைய படம். எங்கள் வீடே ஒரு கமரா" என்று கீழே எழுதியிருந்தான். ஊசித்துளைக் கமராவின் தத்துவத்தை யாரும் எனக்கு அதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. அடுத்த வரியில், "சூரிய கிரகணம் வந்தால் இவை எல்லாம் பிறையாகிவிடும். அதை ஒரு நாள் எடுத்துப் போடுகிறேன்" என்று இருந்தது. என் இடியப்பத் தட்டுப் படத்துக்கும் அவன் கருத்து எழுதினான்: "இடது பக்க நிழலில் ஒரு கண் இருக்கிறது, பார்த்தீர்களா?" பார்த்தேன். இருந்தது.

அவனுடைய பக்கத்தில் "கடைசியாக வந்த நாள்" என்ற இடத்தில் 2008 செப்டம்பர் என்று இருந்தது. அது பிறகு மாறவே இல்லை.

2010 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள், சூரிய கிரகணம் வந்தது. யாழ்ப்பாணத்தில் அது சூரியன் வளையமாகத் தெரியும் கங்கண கிரகணம், கொழும்பில் பகுதிக் கிரகணம். மதியம் ஒன்றரை மணி அளவில் அலுவலக முற்றத்து மாமரத்தின் கீழே போய் நின்றேன். இலைகளுக்கு இடையால் விழுந்த வெளிச்சம் முழுவதும் பிறைகள். என் கைகளின் மேல், சேலையின் மேல், நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களின் மேல், எங்கும் பிறைகள். படம் எடுத்து அவனுடைய 2008ஆம் ஆண்டுப் படத்தின் கீழே போட்டேன். "தம்பி, நீ சொன்னது சரி" என்று மட்டும் எழுதினேன். வன்னியில் அன்று எத்தனை கிடுகுக் கூரைகள் மிஞ்சியிருந்தன என்பதை நினைக்காமல் இருக்க முயன்றேன். பதில் வரவில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அந்தக் கதவு திறந்திருந்தால் என்றாவது ஒரு நாள் அவன் வந்து பார்ப்பான் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அண்ணா மூடுகிறார் என்றதும் முதலில் நெஞ்சில் அடித்தது இதுதான்.

அண்ணாவைக் குறை சொல்ல மாட்டேன். செலவை அநேகமாகத் தனி ஆளாகச் சுமந்தார். 2022இல் டொலரின் விலை சில வாரங்களில் 200 ரூபாவில் இருந்து 350ஐத் தாண்டியபோது, இலங்கையில் இருந்தவர்களின் ஆண்டுப் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்றுவரை கேட்கவில்லை. பழைய மென்பொருளைப் புதுப்பிக்க ஆள் இல்லை, வருகிறவர்களும் வாரத்துக்குப் பத்துப் பேராகக் குறைந்துவிட்டார்கள், அவருக்கும் வயது எழுபதை நெருங்குகிறது. 1998இல் தொடங்கிய டி.பி.ரிவியூ என்ற கமரா விமர்சனத் தளத்தை மூடப்போவதாக 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். ஜூனில் இன்னொரு நிறுவனம் அதை வாங்கிக் காப்பாற்றியது. எங்களுக்கும் அப்படி யாராவது வரமாட்டார்களா என்று சிலர் எழுதினார்கள். நானும் சில நாள்கள் அந்த நினைப்பில் இருந்தேன். இருநூறு தமிழர்களின் குசினி நிழல்களை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்?

மூடிய பிறகு வட்ஸ்அப்பில் ஒன்றுகூடியிருக்கிறோம். எனக்கு அது ஒட்டவில்லை. படத்தை அது சுருக்கி அனுப்புகிறது. நிழலில் இருந்த நுணுக்கம் எல்லாம் சேறாகிவிடுகிறது. அதைவிட, காலையில் போட்ட படத்தை மாலையில் தேடினால் முப்பது வாழ்த்துகளுக்கும் கட்டைவிரல்களுக்கும் அடியில் கிடக்கிறது. காரணம் எழுத யாருக்கும் நேரம் இல்லை.

படங்கள் போகவில்லை. என் படம் என்னிடம், மாஸ்டரின் படம் மாஸ்டரின் வீட்டில். காலிமுகத்திடலில் ஒரே இடத்தில் நின்று, 2014 செப்டம்பரில் துறைமுக நகரின் வேலை தொடங்கியதில் இருந்து மாதம் ஒரு படமாக, கடல் 269 ஹெக்டேயர் நிலமாக மாறியதை எடுத்த நண்பரிடமும் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. போனது படங்களுக்குக் கீழே இருந்த பேச்சு. அதனால் ஆகஸ்ட் மாதம் முழுவதும் இரவில் அமர்ந்து என் படங்களுக்கு வந்த கருத்துகளைக் கொப்பியில் எழுதினேன். மகன், "பக்கத்தை அப்படியே சேமிக்கலாமே அம்மா" என்று ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சேமித்துத் தந்தான். நன்றி சொல்லிவிட்டுத் தொடர்ந்து எழுதினேன். கெட்டி அட்டை போட்ட சி.ஆர். கொப்பிகள் இரண்டு நிறைந்தன. எழுதும்போது ஒவ்வொருவருடைய குரலும் வேறு வேறாகக் கேட்டது.

இலங்கையின் ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944இல் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. அவர் அச்சிட்டு வைத்த படங்களால்தான் இன்று அவரை நாம் பார்க்கிறோம். கொழும்பு 7இல் அவருடைய பெயர் தாங்கிய அரங்குக்குப் போகும்போதெல்லாம் இதை நினைப்பேன், ஆனால் என் படம் ஒன்றைக்கூட அச்சிட்டதில்லை. இந்த முறை அச்சிட்டேன். கொழும்பில் இருக்கும் நாங்கள் ஐந்து பேர் அடுத்த போயா தினத்தன்று விகாரமகாதேவிப் பூங்காவில் சந்திக்கிறோம். அச்சிட்ட படம் ஒன்றைக் கையில் கொண்டுவர வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும்.

தம்பியின் படத்தையும் ஸ்டூடியோவில் கொடுத்து அச்சிட்டு வைத்திருக்கிறேன். அவனிடம் கேட்காமல் செய்த காரியம், அதனால் இங்கே போடவில்லை. சொல்லால் மட்டும் காட்டுகிறேன். சாணம் மெழுகிய மண் தரை. மெழுகிய கையின் விரல் தடங்கள் வளைவு வளைவாகத் தெரிகின்றன. தரையில் 17 வெளிச்ச வட்டங்கள், அவற்றில் இரண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கின்றன. வலது மூலையில் விளிம்பு உரிந்த நீல எனாமல் கோப்பை. அதன் அருகே சட்டகத்துக்குள் பாதி மட்டும் வந்த ஒரு குழந்தையின் கால், கறுப்புக் கயிறு கட்டியது. 2008 ஜூலையில் போடப்பட்டது. இது உங்கள் வீட்டுத் தரையாக இருந்தால், அந்தக் கால் உங்களுடையதாக இருந்தால், எடுத்தவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், எனக்கு எழுதுங்கள். படமும், அதற்குக் கீழே இருந்த 23 கருத்துகளும் என்னிடம் இருக்கின்றன.